வரியை நாம் மறைத்தால் யார் கட்டுவது?

நீங்கள் கல்முனை பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருக்கலாம். மருதமுனையில் தறி போட்டுச் சாரியும் சாரமும் நெய்து விற்கலாம். சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்தலாம். பின்னேரத்தில் நோயாளர்களைப் பார்க்கும் டொக்டராகவோ, சட்டத்தரணியாகவோ, உயர்தர வகுப்பு நடத்தும் ஆசிரியராகவோ இருக்கலாம். தொழில் எதுவானாலும் உங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும்: "வருமான வரி எனக்கும் உண்டா? கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்?"

பலர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டாலே மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால் கட்ட வேண்டியவர் கட்டாமல் இருக்கிறார். கட்டத் தேவையே இல்லாதவர் வீணாகக் கலங்குகிறார். இரு சாராருக்காகவும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன். இங்கு வரும் வருமான வரிக் கணக்குகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வீதங்களின்படி போட்டவை.

வரி ஏய்ப்பு என்றால் என்ன?

சட்டப்படி கட்ட வேண்டிய வரியை, தெரிந்துகொண்டே மறைப்பது வரி ஏய்ப்பு. பில் போடாமல் விற்பது, வீட்டுக்கு ஒரு கொப்பியும் அதிகாரிக்கு ஒரு கொப்பியும் எழுதுவது, வாடிக்கையாளரிடம் வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்வது, வாங்கும் கட்டணத்தில் பாதியைக் கணக்கில் காட்டாமல் விடுவது எல்லாம் இதில் அடங்கும்.

சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்தினால் அதுவும் ஏய்ப்பா?

இல்லை. கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஊழியர் சம்பளம், சரக்கின் கொள்விலை ஆகியவற்றைக் கழித்து மிஞ்சும் இலாபத்துக்கு மட்டும் வரி கட்டுவது உங்கள் உரிமை. ஆனால், கழிக்கும் ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு வாங்காத வியாபாரிதான் தன் உரிமையை இழந்து கூடுதலாக வரி கட்ட நேரிடுகிறது.

நான் ஒருவன் கட்டாவிட்டால் நாட்டுக்கு என்ன குறைந்துவிடும்?

நாம் எல்லோரும் பட்ட அனுபவமே இதற்குப் பதில். 2019 டிசம்பர் 1 முதல் வற் வரி (பொருளை விற்கும்போது விலையோடு சேர்த்து அறவிடும் பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை எல்லை, ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவிலிருந்து ஒரேயடியாக 300 மில்லியனுக்கு உயர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கும் முறையும் நிறுத்தப்பட்டது. பெருந்தொகையானோர் வரி வலைக்கு வெளியே போனார்கள்.

1990களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 19 வீதத்துக்குக் கிட்டவாக இருந்த வரி வருமானம், 2022இல் 8 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. கொரோனா, கடன் சுமை, டொலர் தட்டுப்பாடு ஆகியவையும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. டீசல் வரிசையையும், எரிபொருள் இல்லாமல் கரையில் கிடந்த படகுகளையும், வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் வெளியே எழுதிக் கொடுத்த துண்டுகளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு அந்தக் குழியை எப்படி நிரப்பினார்கள்? இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வற் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம் என்று ஏறியது. இந்த வரி ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. பத்து வள்ளம் வைத்திருக்கும் முதலாளியும், அந்த வள்ளத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். முதலாளிக்கு அது தெரிவதே இல்லை. கூலிக்காரரின் வீட்டில் அது ஒரு நேரச் சாப்பாட்டில் குறைகிறது.

இன்றும் அரசின் வரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, பொருள் சேவைகளின் விலையோடு ஒட்டி வருவதுதான். வருமானம் உள்ளவர் தன் வருமானத்தை மறைத்தால் அந்த வரி மறைந்துபோவதில்லை. வருமானம் இல்லாதவரின் சாமான் விலையில் ஏறிவிடுகிறது. ஏய்ப்பை நான் கடுமையாகப் பார்ப்பது இதற்காகத்தான்.

சரி, எனக்கு வரி உண்டா? எவ்வளவு?

முதலில் ஆறுதலான செய்தி. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 150,000 ரூபா வரை வருமானம் உள்ள தனிநபருக்கு வருமான வரி இல்லை. இங்கே வருமானம் என்றால் விற்பனைத் தொகை என்று நினைக்க வேண்டாம். செலவெல்லாம் போக மிஞ்சும் இலாபத்தைத்தான் குறிக்கிறது. சில்லறைக் கடைக்காரர், தறி நெய்பவர், மீன் வியாபாரி ஆகியோரில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள்ளேயே இருப்பார்கள்.

அதற்கு மேலே வருமானம் இருந்தால் வரி படிப்படியாக ஏறும். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம். அதற்கும் மேலே உள்ளதற்கு 36 வீதம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் கடையின் ஆண்டு இலாபம் 30 இலட்சம் ரூபா. 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 12 இலட்சம். அதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000 ரூபா. அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதப்படி 36,000 ரூபா. மொத்த வரி 96,000 ரூபா, மாதத்துக்கு 8,000. இலாபத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 3 ரூபா 20 சதம்தான்.

"36 வீதம் பிடித்துக்கொள்வார்கள்" என்று கேள்விப்பட்டுப் பயந்தவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை பார்க்க வேண்டும். 36 வீதம் முழு வருமானத்துக்கும் விழுவதில்லை. மேல்படியில் உள்ள தொகைக்கு மட்டுமே விழும். ஆண்டுக்கு 60 இலட்சம் சம்பாதிக்கும் ஒரு வைத்திய நிபுணருக்குக்கூட மொத்த வரி 1,032,000 ரூபா, அதாவது வருமானத்தில் 17 வீதம் அளவுதான் வரும்.

மாதம் 250,000 ரூபா சம்பளம் வாங்கும் வங்கி அதிகாரியையும் நினைத்துப் பாருங்கள். அவரும் ஆண்டுக்கு அதே 30 இலட்சம்தான் சம்பாதிக்கிறார். அவருடைய 8,000 ரூபா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. அவருக்கு மறைக்க வழியே இல்லை. அதே வருமானமுள்ள கடைக்காரர் கட்டாமல் இருந்தால், இருவருக்கும் நாடு ஒரே நீதி செய்யவில்லை என்றுதான் பொருள்.

நான் சேவைக் கட்டணம் வாங்குகிறேன். என் பணத்தில் 5 வீதம் பிடித்துவிட்டுத் தருகிறார்களே, அது எதற்கு?

டொக்டர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, விரிவுரையாளர் போன்றோருக்கு ஒரு நிறுவனம் மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கட்டணம் கொடுத்தால், 5 வீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதன் பெயர் நிறுத்திவைத்தல் வரி (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி). இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

இது தனி வரியோ தண்டமோ அன்று. ஆண்டு முடிவில் நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு, பிடித்த நிறுவனத்திடம் சான்றிதழை வாங்கி வைத்திருக்க வேண்டும். "5 வீதம் பிடித்தாயிற்று, என் கடமை முடிந்தது" என்று நினைப்பது தவறு. மேல்படி வருமானம் உள்ளவர் மீதியைக் கட்டியாக வேண்டும்.

நோயாளரோ மாணவரோ நேரே கையில் தரும் காசுக்கு இப்படி யாரும் பிடிப்பதில்லை. அதனால் அந்த வருமானம் கணக்கில் வருவது முழுக்க உங்கள் நேர்மையைப் பொறுத்தது. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் அரச சம்பளம் பெற்று, பின்னேரத்தில் தனியாக நோயாளர் பார்ப்பவர்கள் இரண்டு வருமானத்தையும் கூட்டித்தான் கணக்குக் காட்ட வேண்டும். 18 இலட்சச் சலுகை ஒரு முறைதான். ஒவ்வொரு வருமானத்துக்கும் தனித்தனியாகக் கிடைக்காது.

மாநகர சபைக்குச் சோலை வரியும் வியாபார அனுமதிக் கட்டணமும் கட்டுகிறேனே, அது போதாதா?

போதாது. சோலை வரியும் அனுமதிக் கட்டணமும் கல்முனை மாநகர சபைக்குப் போகின்றன. குப்பை அள்ளுவது, தெரு விளக்கு, வடிகால் முதலான வேலைகளுக்கு அந்தப் பணம். வருமான வரி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு (நாட்டின் வருமான வரியையும் வற் வரியையும் அறவிடும் அரச திணைக்களம்) உரியது. வைத்தியசாலை, பாடசாலை, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தப் பொதுக் கருவூலத்தில்தான் ஓடுகின்றன. ஒன்றைக் கட்டினால் மற்றது கழியாது. ஆனால், வியாபாரத்துக்காகக் கட்டிய அனுமதிக் கட்டணத்தை உங்கள் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஸக்காத் கொடுக்கிறேன். அதற்கு மேல் வரியும் கட்ட வேண்டுமா?

நம் பகுதியில் பலர் மனதார எழுப்பும் கேள்வி இது. ஸக்காத் மார்க்கக் கடமை. வருமான வரி நாட்டின் சட்டக் கடமை. ஸக்காத்தைப் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்திருக்கிறது. பாலம் கட்டுவதும் டொக்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசின் வேலை, அதற்குத்தான் வரி. ஏழை உறவினருக்கோ அயலவருக்கோ கொடுத்த ஸக்காத்தை வருமானத்திலிருந்து கழிக்க இலங்கைச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால் மட்டும் ஓர் எல்லைக்குள் சலுகை உண்டு.

ஆனால், ஸக்காத் கொடுக்கும் வியாபாரிக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கடைச் சரக்கை எண்ணி, கையிருப்பைப் பார்த்து, வர வேண்டிய கடனையும் கொடுக்க வேண்டிய கடனையும் எழுதி, 2.5 வீதம் கணக்குப் போடுகிறவர் அவர். வரிக் கணக்கின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கொப்பியோடு அன்றாட விற்பனையையும் செலவையும் சேர்த்து எழுதினால் ஏப்ரல் முதல் மார்ச் வரையான இலாபம் தானாக வெளியே வரும். அல்லாஹ்வுக்குப் பயந்து நேர்மையாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த இரண்டாவது கணக்கு சிரமமாக இருக்காது.

டின் நம்பர் எடுத்தால் வரி கட்டத்தான் வேண்டுமா?

இல்லை. டின் நம்பர் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) ஓர் அடையாளம் மட்டுமே. வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே இருந்தால் டின் இருந்தாலும் வரி பூச்சியம்தான். 2024 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோர் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. டொக்டர், சட்டத்தரணி, பொறியியலாளர், கணக்காளர் போன்ற தொழிலினரை அதற்கு முன்பே பெயர் குறித்து அழைத்திருந்தது. பதிவு செய்யாமல் விட்டால் 50,000 ரூபா வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

டின் இல்லாவிட்டால் நடைமுறையிலும் சங்கடங்கள் வரும். நடைமுறைக் கணக்குத் திறத்தல், வீட்டு வரைபட அங்கீகாரம், வாகனப் பதிவு, காணிப் பதிவு போன்றவற்றுக்கு அதைக் கேட்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்திருக்கிறது. தேசிய அடையாள அட்டையை வைத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே பதியலாம். கட்டணம் இல்லை. "டின் எடுத்துத் தருகிறேன்" என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வரி வராத வருமானமாக இருந்தாலும், வரி விபரத்திரட்டு (ஆண்டு வருமானத்தை எழுதிக் கொடுக்கும் படிவம்) தரச் சொல்லித் திணைக்களம் அறிவித்தல் அனுப்பினால் பதில் கொடுத்தாக வேண்டும். "எனக்குத்தான் வரி இல்லையே" என்று கடிதத்தை மேசைக்குள் போட்டால் தண்டம் வளரத் தொடங்கும்.

வற் வரி என் கடைக்கு உண்டா?

2024 ஜனவரியில் வந்த விதிப்படி, ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாவை, அல்லது ஒரு காலாண்டில் 15 மில்லியனைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாளொன்றுக்குச் சராசரி 164,000 ரூபா விற்பனை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே பார்ப்பது இலாபத்தை அல்லாமல் விற்பனையை. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் இந்த எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. அப்படிப் பார்த்தால் நாளுக்கு ஒரு இலட்சம் ரூபா அளவு விற்கும் கடையும் உள்ளே வந்துவிடும். நோன்புப் பெருநாள் காலாண்டில் துணிக்கடை, நகைக்கடை விற்பனை எவ்வளவு ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, நடைமுறையில் உள்ள எல்லையை வருடா வருடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தாண்டாமல் இருக்க ஒரே கடையை மனைவி பெயரிலும் தம்பி பெயரிலும் பிரித்து எழுதுவது சிலர் சொல்லும் யோசனை. இடமும் சரக்கும் பணப்பெட்டியும் ஒன்றாக இருந்தால் பெயர்ப்பலகை எத்தனை என்பது காப்பாற்றாது. விசாரணை வரும்போது மனைவியும் தம்பியும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டி வரும்.

வாங்குபவராக நான் என்ன பார்க்க வேண்டும்?

பில்லில் 18 வீதம் வற் என்று கூட்டியிருந்தால், அந்தக் கடையின் வற் பதிவு இலக்கம் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒன்பது இலக்க டின் நம்பரும் அதன் பின்னால் 7000 என்பதும் சேர்ந்ததாக இருக்கும். பதிவுச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். பதிவில்லாதவருக்கு வற் என்று சொல்லிப் பணம் வாங்க அதிகாரம் இல்லை. அந்தப் பணம் அரசுக்குப் போகாமல் அவருடைய பைக்குள் போகிறது. இலக்கம் கேட்பது உங்கள் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

காணி உறுதியில் விலையைக் குறைத்து எழுதுகிறார்களே, அதுவும் ஏய்ப்பா?

ஆம். 50 இலட்சத்துக்கு வாங்கிய காணியை 15 இலட்சம் என்று எழுதினால் முத்திரைத் தீர்வை (உறுதி எழுதும்போது கட்டும் வரி) குறைகிறது என்பது உண்மைதான். ஆனால், அந்தத் தீர்வை கொழும்புக்குப் போகும் பணம் என்று நினைக்காதீர்கள். அது மாகாண சபை வழியாக உள்ளூராட்சி சபைகளுக்குக் கிடைக்க வேண்டிய வருமானம். வடிகால் உடைந்து வீதியில் தண்ணீர் நிற்கிறது என்று நாம் குறை சொல்லும் அதே சபையின் பணம் அது.

வாங்கியவருக்கும் பிறகு அடி விழும். பத்து வருடம் கழித்து 80 இலட்சத்துக்கு விற்கும்போது, உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் 15 இலட்சம்தான். இலாபம் 65 இலட்சம் என்று மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற இலாபத்துக்கான வரி) கேட்பார்கள். உண்மையில் கிடைத்த இலாபம் 30 இலட்சம் என்று நிரூபிக்க உங்களிடம் எந்தக் கடதாசியும் இருக்காது. ஏதாவது பிணக்கு வந்து விற்பனை முறிந்தாலும், உறுதியில் எழுதிய தொகைக்கு மேலே கொடுத்ததைத் திரும்பக் கேட்பது கடினம். மகளுக்குச் சீதனமாக வீடு எழுதும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மகன் கட்டாரிலிருந்து அனுப்பும் பணத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

வீட்டுச் செலவுக்கும் வீடு கட்டவும் பிள்ளை அனுப்பும் பணம் உங்கள் வருமானம் ஆகாது. அதற்கு வரி இல்லை. ஆனால், அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பது முக்கியம். வங்கி வழியாக வந்தால் திகதியோடு, அனுப்பியவர் பெயரோடு பதிவு இருக்கும். நாளைக்கு "இந்த மாடி வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் வங்கிக் கூற்றைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் கைமாறும் முறை) வந்த பணத்துக்குக் கடதாசி இல்லை. உழைத்து அனுப்பிய ஹலாலான பணமே, கணக்கில் காட்டாத வியாபார வருமானம் போலத் தோன்றிவிடும். சில ரூபா கூடுதல் மாற்று வீதத்துக்காக இந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மறைத்த கணக்கால் என் கடை ஊழியருக்கு என்ன பாதிப்பு?

வருமானத்தை மறைக்கும் கடைக்காரர் பெரும்பாலும் ஊழியரையும் மறைக்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் மூன்று பேரின் பெயர்தான் கணக்கில் இருக்கும். மற்ற ஏழு பேருக்கும் ஊழியர் சேமலாப நிதி இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும்.

இருபது வருடம் நின்று துணி மடித்துக் கொடுத்த ஒருவர், முதுமையில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது இதனால்தான். மாறாக, சம்பளத்தையும் இந்த நிதிகளையும் முறையாகக் கட்டினால் அவை உங்கள் செலவாகக் கழியும். உங்கள் வரியும் குறையும்.

கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதைச் சொல்கிறது. கவனயீனத்தாலோ மோசடியாலோ வரியைக் குறைத்துக் காட்டினால், குறைந்த தொகையில் 25 வீதம் தண்டம். குறைத்த தொகை, கட்ட வேண்டிய வரியின் கால்வாசியைத் தாண்டினால் தண்டம் 75 வீதம். கட்டாத வரிக்கு மாதம் 1.5 வீத வட்டியும் சேரும்.

மேலே சொன்ன கடையையே எடுங்கள். 96,000 ரூபா வரியை முழுதாக மறைத்து, மூன்று வருடம் கழித்துப் பிடிபட்டால் தண்டம் மட்டும் 72,000 ரூபா. வட்டி, குறைந்தபட்சக் கணக்கில் 51,840 ரூபா. வரியோடு சேர்த்து 219,840 ரூபா ஆகிவிடும். நேரத்துக்குக் கட்டாததற்கும் விபரத்திரட்டு கொடுக்காததற்கும் விழும் தண்டங்கள் இதற்கு வெளியே. இது ஒரு வருடக் கணக்கு மட்டும். மறைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக வரும்.

திட்டமிட்ட ஏய்ப்பு குற்றவியல் வழக்காகவும் மாறலாம். 10 மில்லியன் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நேரே அறவிடவும், வெளிநாடு போவதைத் தடுக்கவும் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. உம்ரா பயணத்துக்கு விமான நிலையம் போய் அங்கே தடை இருப்பதை அறிவது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசியுங்கள்.

எனக்கு வந்த மதிப்பீடு பிழையாக இருந்தால்?

பயந்து கட்டவும் வேண்டாம். கோபத்தில் கிழிக்கவும் வேண்டாம். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு (அதே திணைக்களம் மறுபடி பரிசீலித்தல்) கேட்டு எழுதலாம். அந்த முடிவிலும் திருப்தி இல்லையென்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். 30 நாள் தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கதவு மூடிவிடும். அறிவித்தல் கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே எழுதி வையுங்கள்.

நாம் கட்டும் பணத்தை மேலே உள்ளவர்கள் திருடுகிறார்களே?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்நாட்டில் வற் வரி மீளளிப்பு என்ற பெயரில் பல பில்லியன் ரூபா கொள்ளை போனது. திணைக்களத்துக்கு உள்ளே இருந்தவர்களே அதில் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆட்சிமுறை ஆய்வறிக்கையும் ஊழலைப் பெரிய நோயாகச் சுட்டியது. அதே ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது.

ஆனாலும், ஊழலுக்குப் பதிலாக ஏய்ப்பைச் செய்தால் தண்டனை ஊழல்வாதிக்குப் போய்ச் சேர்வதில்லை. கட்டிலுக்குக் காத்திருக்கும் நோயாளருக்குத்தான் போகிறது. கணக்கு மறைத்தவர் அதிகாரியின் முன்னால் தலை நிமிர முடியாது. இலஞ்சம் கேட்டால் கொடுத்துத்தான் தப்ப வேண்டும். கணக்கு நேராக இருப்பவர்தான் "என் பணம் எங்கே போனது?" என்று உரத்துக் கேட்கலாம், இலஞ்சம் கேட்பவரைப் பற்றி முறையிடலாம்.

மன்னிப்புச் சட்டம் வரும்வரை பொறுத்தால் என்ன?

2003இலும் 2021இலும் வரி மன்னிப்புச் சட்டங்கள் வந்தன. 2021ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க நிதிச் சட்டம், மறைத்த சொத்தை வெளிப்படுத்தினால் 1 வீதம் கட்டினால் போதும் என்றது. ஒழுங்காகக் கட்டியவருக்கு இது பெரிய அநீதி. அடுத்தது எப்போது வரும், வருமா என்பதை நம்பி வியாபாரம் நடத்த முடியாது. அதுவரை வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இதுவரை கட்டியதில்லை. இப்போது எங்கே தொடங்குவது?

இன்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு கொப்பி வாங்கி அன்றாட விற்பனையையும் செலவையும் எழுதுங்கள். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து, கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். எல்லாப் பற்றுச்சீட்டையும் ஐந்து வருடம் பாதுகாத்து வையுங்கள். சட்டம் கேட்பதும் அதையே.

டின் இல்லையென்றால் பதியுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரியை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்டலாம். மீதி செப்டெம்பர் 30க்குள். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள்.

பழைய வருடங்களில் விட்டது இருந்தால், தகுதியுள்ள கணக்காளர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி, திணைக்களம் தேடி வருவதற்கு முன் நீங்களே போய்ப் பேசுங்கள். மோசடி என்று நிரூபணமானால் எத்தனை வருடம் பின்னோக்கியும் மதிப்பிடச் சட்டம் அனுமதிக்கிறது. தானாக வந்து சொல்பவரின் நிலையும் பிடிபட்டவரின் நிலையும் ஒன்றாக இருப்பதில்லை.

வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மனம் வைத்தால் ஆண்டுக்கு ஒரு நாள் கணக்காளரை அழைத்து, சிறு வியாபாரிகளுக்குத் தமிழில் விளக்கம் கொடுக்க முடியும். செப்டெம்பர் மாதத்தில் அப்படி ஒரு நாளை வைத்தால், பயத்தால் ஒதுங்கியிருக்கும் பலர் நவம்பருக்குள் தங்கள் கணக்கை நேராக்கிவிடுவார்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நீங்களே முன்மொழியுங்கள்.